வீடு விற்க மின்சாரச் சான்றிதழ் வேண்டுமா?

சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லாருக்கும் ஏறக்குறைய மனப்பாடம். எந்த மாடி? குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? எம்ஆர்டிக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்? கழிவறையை எப்போது மாற்றினீர்கள்? விற்பது நம்மவர் என்றால் அந்த பிளாக்கின் இன ஒதுக்கீடு நிரம்பிவிட்டதா என்ற விசாரிப்பும் சேர்ந்துகொள்ளும். ‘மாதம் எத்தனை யூனிட் கரண்ட் ஓடுகிறது?’ என்று கேட்பவர் மட்டும் அபூர்வம்.

லண்டனிலோ பாரிஸிலோ வீடு விற்பவர்கள், வாங்க வருகிறவர் இதைக் கேட்கும் வரை காத்திருக்க முடியாது. வீட்டின் எரிசக்தித் தரம் என்ன என்பதை விளம்பரத்திலேயே போட்டாக வேண்டும், அது சட்டம். அங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் வீடு வாங்கி விற்கும்போது ‘ஈபிசி வாங்கியாச்சா’, ‘மானியம் கிடைத்ததா’ என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த இரண்டும் என்ன, சிங்கப்பூரில் ஏன் ஒன்று இல்லை, இன்னொன்று எந்த உருவத்தில் இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஈபிசி எனப்படும் எரிசக்தித் தரச்சான்றிதழ். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார். சுவர் எந்த வகை, கூரைக்கு மேல் வெப்பக்காப்புப் பஞ்சு எவ்வளவு கனம், ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா, வீட்டைச் சூடாக்கும் பாய்லர் எந்தக் காலத்தது என்றெல்லாம் குறித்துக்கொள்வார். அந்தத் தகவல்களை ஒரு கணினி நிரலில் போட்டால் ஏ முதல் ஜி வரை ஏதோ ஓர் எழுத்து வரும். ஏ என்றால் சிக்கனமான வீடு, ஜி என்றால் பணத்தைத் தின்னும் வீடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007ல் இது படிப்படியாகக் கட்டாயமானது. ஒரு முறை வாங்கினால் பத்து ஆண்டுக்குச் செல்லும்.

இதில் குடியிருப்பவரின் உண்மையான மின்கட்டணம் கணக்கில் வராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காருக்குச் சொல்லும் மைலேஜ் போலத்தான் இதுவும்: வண்டியைப் பற்றிச் சொல்லும், ஓட்டுபவரைப் பற்றிச் சொல்லாது. வழக்கமான ஒரு குடும்பம் வழக்கமாகப் பயன்படுத்தினால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு அது. அதனால் சி தர வீட்டில் கட்டணம் எகிறுவதும் உண்டு, ஈ தர வீட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு.

எரிசக்தித் தணிக்கை என்று இன்னொன்றும் உண்டு, அது இதைவிட ஆழமானது. சான்றிதழ் ஓர் எழுத்தைத் தரும். தணிக்கை, எங்கே வெப்பம் ஒழுகுகிறது, எதை முதலில் சரிசெய்யலாம், அதற்கு எவ்வளவு ஆகும் என்று பட்டியலே போட்டுத் தரும். குளிர்நாடுகளில் வாசல் சட்டத்தில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுப்பார்கள். உள்ளே அழுத்தம் குறைந்ததும் ஜன்னல் இடுக்கு, கதவடி, கூரை ஓட்டை என்று எங்கெல்லாம் சந்து இருக்கிறதோ அங்கெல்லாம் வெளிக்காற்று பீறிட்டு வரும். வெப்பத்தைப் படம்பிடிக்கும் கேமராவை நீட்டினால் குளிர்ந்த இடங்கள் நீலமாகத் தெரியும்.

பிரான்ஸில் இரண்டும் உண்டு. வீடு எதுவானாலும் தரச்சான்றிதழ் வேண்டும். 2023 ஏப்ரல் முதல் எஃப், ஜி தர வீடுகளை விற்பவர்கள் முழுத் தணிக்கை அறிக்கையையும் கொடுக்க வேண்டும். 2025 முதல் ஈ தர வீடுகளும் அதில் சேர்ந்தன, 2034ல் டி தர வீடுகளும் சேரும். ஆனால் அடுக்குமாடியில் ஒரு வீட்டை மட்டும் சொந்தமாக வைத்திருப்பவருக்கு இந்தத் தணிக்கை கட்டாயமில்லை. தனிவீடுகளுக்கும் ஒரே உரிமையாளரின் கட்டடங்களுக்கும்தான். இதை நினைவில் வையுங்கள், சிங்கப்பூருக்கு வரும்போது உதவும்.

ஐரோப்பாவுக்கு வெளியிலும் இது நடக்கிறது. கேன்பராவில் 1999 முதல் வீடு விற்பவர் எரிசக்தித் தரத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் 2009ல், பத்து ஆண்டுக்கு மேல் பழைய வீடுகளை விற்கும்போது தணிக்கை வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

ஏன் விற்கும் நேரத்தில்? விற்பவருக்கு வீட்டின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. குளிர்காலம் ஒன்று கடந்த பிறகுதான் புரியும், அப்போது பணம் கைமாறியிருக்கும். தரம் முன்பே தெரிந்தால் அவர் பேரம் பேசலாம். அதைவிட முக்கியம், புதிதாக வாங்கியவர் குடிவரும் முன் எப்படியும் வீட்டைக் கொஞ்சம் உடைத்துக் கட்டுவார். சுவருக்குள் வெப்பக்காப்பு வைக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. பத்து வருடம் குடியிருந்துவிட்ட ஒருவரிடம் போய் சோபாவை நகர்த்துங்கள், சுவரை உடைக்கிறோம் என்றால் நடக்குமா?

எதிர்ப்பும் பலமாக இருக்கிறது. வீட்டு முகவர்களுக்கு இது இன்னொரு காகிதம், இன்னொரு தாமதம். விற்பவருக்கு இன்னொரு செலவு. இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே வீட்டுக்கு இரண்டு விதமான தரம் கொடுத்தார்கள் என்ற புகாரும் உண்டு. எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: ஒரு வருடத்தில் கைமாறும் வீடுகள் மொத்தத்தில் சிறு பங்குதான், விற்கப்படாத வீடுகளை இந்த விதி தொடுவதே இல்லை.

சரி, வீட்டின் குறை தெரிந்துவிட்டது. சரிசெய்யப் பணம்? அதற்குத்தான் மானியம். கனடாவில் 2021ல் தொடங்கிய ஒரு திட்டம் தணிக்கையையும் மானியத்தையும் சேர்த்துக் கட்டியது. முதலில் மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். அவர் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். பிறகு அவர் திரும்ப வந்து வேலை நடந்ததா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பணம், அதிகபட்சம் 5,000 கனடிய டாலர். 2024ன் தொடக்கத்தில் அது புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. இங்கிலாந்தில் பாய்லரைக் கழற்றிவிட்டு, வீட்டை மின்சாரத்தால் சூடாக்கும் வெப்ப பம்ப் வைப்பவருக்கு 2023 அக்டோபரிலிருந்து 7,500 பவுண்டு கிடைக்கிறது. இவ்வகைத் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான தலைவலி உண்டு: மானியம் இல்லாவிட்டாலும் வாங்கியிருக்கக்கூடியவரும் வரிசையில் நிற்பார், பணத்தை வாங்கிக்கொள்வார்.

சிங்கப்பூருக்கு வருவோம். இங்கே வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டை விற்கும்போது அதிகாரி வந்து பார்ப்பது உண்டு. அனுமதியில்லாமல் சுவரை இடித்திருக்கிறீர்களா என்பதுபோன்றவைதான் அவர் கவலை. ஓடிபி எனப்படும் வாங்கும் உரிமைப் பத்திரம், 21 நாள் கெடு, வீவக இணையத்தளத்தில் விண்ணப்பம், சாவி கைமாறும் நாள் என்று எந்தக் கட்டத்திலும் எரிசக்தித் தரம் பற்றிய காகிதம் ஒன்று கிடையாது. கொண்டோவுக்கும் தரைவீட்டுக்கும்கூட அப்படித்தான்.

இதை அரசாங்கத்தின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கட்டாயத் தணிக்கை இந்த ஊருக்குப் புதிதல்ல. பெரிய வணிகக் கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்பைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தணிக்கை செய்ய வேண்டும் என்று கட்டடச் சட்டத்தை 2012ல் திருத்தினார்கள். அதிக மின்சாரம் தின்னும் பெரிய கட்டடங்கள் தணிக்கை செய்து பயன்பாட்டை 10 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற விதியும் அண்மையில் வந்திருக்கிறது. வீடுகளை மட்டும் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அது இயற்பியல்.

சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் போகும் என்பது பெரும்பாலும் உள்ளேயும் வெளியேயும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கனடாவில் ஜனவரி இரவு வெளியே மைனஸ் 20, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 40 டிகிரி. அந்த வெப்பம் இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். நம் வீட்டில் வெளியே 32, ஏர்கான் போட்ட அறையில் 25 என்று வைத்தால் வித்தியாசம் 7 டிகிரிதான். இரவில் இன்னும் குறையும், ஏனென்றால் வெளியே 26க்கு வந்துவிடும். அதுவும் வீடு முழுக்க அல்ல, ஒன்றிரண்டு படுக்கையறையில், சில மணி நேரம். மற்ற நேரமெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்திருப்போம். திறந்த ஜன்னல் உள்ள வீட்டில் விசிறி வைத்துக் காற்றுக் கசிவை அளப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

அடுத்த காரணம், சுவர் நம்முடையது அல்ல. வெளிச்சுவரும் கூரையும் பிளாக்குக்குப் பொது. நாலறை வீட்டுக்காரர் நினைத்தால் வெளியே வெப்பக்காப்பு ஒட்டிவிட முடியாது. பிரான்ஸில் அடுக்குமாடி வீட்டுக்காரருக்குத் தணிக்கையிலிருந்து விலக்குக் கொடுத்ததும் கிட்டத்தட்ட இந்த நியாயத்தில்தான். அறிக்கையைக் கையில் கொடுத்தாலும் அவரால் தனியாக எதுவும் செய்ய முடியாது.

ஆகவே நம் கட்டணத்தை நிர்ணயிப்பது சுவரைவிட அதற்குள் இருக்கும் கருவிகள்தான். ஏர்கான், ஃபிரிட்ஜ், தண்ணீர் சூடாக்கி மூன்றும் சேர்ந்து வழக்கமான ஒரு வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். அதனால் சிங்கப்பூர் தரச்சான்றிதழை வீட்டின்மேல் ஒட்டாமல் கருவியின்மேல் ஒட்டியது. கடையில் பார்க்கும் டிக் முத்திரை அதுதான், டிக் கூடினால் சிக்கனம் கூடும். 2008ல் ஏர்கானுக்கும் ஃபிரிட்ஜுக்கும் கட்டாயமாகி, பிறகு துணி உலர்த்தி, டிவி, விளக்கு என்று விரிந்தது. 2011 முதல் குறைந்தபட்சத் தரத்தை எட்டாத ஏர்கானையும் ஃபிரிட்ஜையும் இங்கே விற்கவே கூடாது. லண்டனில் ஜி தர வீட்டை இன்றும் விற்கலாம். இங்கே மோசமான ஃபிரிட்ஜுக்குக் கடை வாசல்கூடத் திறக்காது. எனக்கு இது மேலான வழியாகப் படுகிறது. வாங்குபவர் லேபிளைப் படிக்காவிட்டாலும் வேலை நடந்துவிடுகிறது.

மானியமும் அதே வழியில்தான் போகிறது. 2020 நவம்பரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஓரறை முதல் மூவறை வரையிலான வீவக வீடுகளுக்கு 225 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டு கொடுத்தது. 2024 ஏப்ரலில் எல்லா வீவக வீடுகளுக்கும் 300 வெள்ளி ஆனது. 2025 ஏப்ரலில் மேலும் 100 வெள்ளி சேர்த்தார்கள், தனியார் வீடுகளில் வசிக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கும் 400 வெள்ளி கொடுத்தார்கள். 2024 முதல் கொடுத்த இவைதான் பருவநிலைப் பற்றுச்சீட்டுகள். சிங்பாஸ் வழியாகக் குடும்பத்தில் ஒருவர் எடுத்தால் போதும். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். ஏர்கான் என்றால் ஐந்து டிக் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ், எல்இடி விளக்கு, டிசி மின்விசிறி, தண்ணீர் குறைவாகச் செலவாகும் குழாய், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கும் பயன்படுத்தலாம்.

இதை யு-சேவோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மின்கட்டணத்தில் கழியும் யு-சேவ் தொகை விலைவாசிக்கான உதவி. நீங்கள் 400 யூனிட் எரித்தாலும் கழியும், 200 எரித்தாலும் கழியும். பில் தொகை குறையும், மீட்டர் ஓட்டம் குறையாது. பருவநிலைப் பற்றுச்சீட்டு மீட்டரையே மெதுவாக ஓடவைக்கும் கருவியை வாங்க உதவுகிறது. ஒன்று அந்தந்தத் தவணையோடு தீர்ந்துவிடும், மற்றது அந்தக் கருவி இருக்கும் வரை பலன் தரும்.

எவ்வளவு பலன்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. விலையைச் சுமார் 30 காசு என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவுள்ள இரண்டு ஃபிரிட்ஜ், ஒன்றின் லேபிளில் ஆண்டுக்கு 450 யூனிட், இன்னொன்றில் 330. வித்தியாசம் 120 யூனிட், அதாவது ஆண்டுக்கு 36 வெள்ளி. பத்து ஆண்டில் 360 வெள்ளி. மாவு, சாம்பார், மீன் என்று அடைத்து வைக்கும் நம் வீட்டு ஃபிரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடுவதால் இந்த மிச்சம் உறுதியானது.

ஏர்கான் கதை வேறு. படுக்கையறை ஏர்கான் மணிக்குச் சராசரியாக 0.6 யூனிட் எடுத்தால், இரவு 8 மணி நேரத்துக்கு 4.8 யூனிட். மாதத்துக்கு 144 யூனிட், சுமார் 43 வெள்ளி, ஓர் அறைக்கு மட்டும். சர்வீஸ் செய்யாத பழைய கருவி 0.9 எடுத்தால் 65 வெள்ளி. மூன்று அறைக்குப் பெருக்கிப் பாருங்கள், மாதத்துக்கு 60 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். ஆனால் ‘சிஸ்டம் 3’ எனப்படும் ஒரு வெளிக்கருவி, மூன்று உள்கருவி கொண்ட அமைப்பை முழுசாக மாற்றச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். அதில் 400 வெள்ளி சின்ன உந்துதல்தான். மாற்றப் போகிறவர் எப்படியும் மாற்றுவார் என்று முன்னே சொன்ன தலைவலி இங்கேதான் வலிக்கிறது. ‘ஐந்து டிக்தானே’ என்று பகலிலும் ஓடவிட்டால் மிச்சமானது அங்கேயே போய்விடும்.

தண்ணீர் சூடாக்கியையும் பாருங்கள். 30 லிட்டர் தொட்டியை 27 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர 1.15 யூனிட், அதாவது 35 காசுக்குக் கொஞ்சம் குறைவு. அது பெரிய தொகை இல்லை. அணைக்காமல் விட்டால் குளிர்ந்து குளிர்ந்து திரும்பச் சூடாகுமே, நஷ்டம் அதில்தான்.

அப்படியானால் மறுவிற்பனை வீடு வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்? சட்டம் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்கலாம். கடந்த ஓராண்டின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் வெள்ளியைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். அந்த பில்லில் தண்ணீர், எரிவாயு, குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்ந்திருக்கும், யு-சேவ் கழிந்திருக்கும். மின்சாரச் சந்தை திறக்கப்பட்ட 2018க்குப் பிறகு பலர் வேறு வேறு நிறுவனத்திடம் வேறு வேறு விலைக்கு வாங்குகிறார்கள். தொகையை ஒப்பிட்டால் எதுவும் புரியாது. யூனிட் மட்டும் பொய் சொல்லாது. ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடு என்றால் எஸ்பி செயலியில் அரை மணி நேரக் கணக்குகூடத் தெரியும், விற்பவருக்கு மனமிருந்தால் காட்டுவார். கூடவே வீட்டில் எத்தனை பேர், ஏர்கான் தினமும் போடுகிறார்களா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள். வயதான தம்பதி மின்விசிறியோடு வாழ்ந்த வீட்டின் 180 யூனிட், இரண்டு பதின்ம வயதுப் பிள்ளைகளோடு குடிபோகும் உங்களுக்கு எந்த வழிகாட்டியும் அல்ல.

வீட்டைப் பார்க்கப் போகும் நேரமும் முக்கியம். முகவர் காலை பத்து மணிக்கு வரச் சொன்னால், மாலை நாலரைக்கும் ஒருமுறை போங்கள். மேற்கு வெயில் கண்ணாடி வழியாக வரும் வெப்பம், நம் ஊரில் சுவர் வழியாக வருவதைவிட மோசம். மாலை முழுக்கக் காய்ந்த கான்கிரீட் இரவு ஒன்பது மணிக்கும் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும், அதே நேரத்தில்தான் நீங்கள் ஏர்கானைப் போடுவீர்கள். கடைசி மாடி, மூலை வீடு என்றால் இன்னும் கவனம். தடித்த திரைச்சீலையோ கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிமோ ஓரளவு காப்பாற்றும்.

தரைவீட்டுக்கு இந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தாது. கூரையும் உங்களுடையது, சுவரும் உங்களுடையது. ஏர்கானும் அதிகம். கூரையில் சூரியத் தகடு போட்டு மிஞ்சிய மின்சாரத்தை மின்கட்டமைப்புக்குத் திருப்பி, பில்லில் கழித்துக்கொள்ளவும் முடியும். விற்பனையின்போது கட்டாயத் தணிக்கை என்று ஒன்று இந்த ஊருக்கு வருமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். வீவக வீட்டுக்காரரிடம் அந்தச் செலவைச் சுமத்துவதில் பயன் குறைவு. இப்போதைக்குத் தகடு போட்ட தரைவீட்டை வாங்குபவர், தகடு விற்பவரின் சொந்தமா, இல்லை நிறுவனத்திடம் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வழக்கறிஞர் மூலம் தெரிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தம் வீட்டோடு சேர்ந்து உங்கள் தலையில் வரலாம்.

அப்புறம் ஏர்கான். எந்த ஆண்டு பொருத்தியது, எத்தனை டிக், கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள், வெளிக்கருவியில் உள்ள மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போவதாகச் சொன்னால் அதை ஓடிபியோடு எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டைத் தாண்டிய கருவி என்றால், அதற்காக விலையை ஏற்றிக் கேட்பவரிடம் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு பேசலாம். சாவி கிடைத்த பிறகு புதுப்பிப்புக்காரர் சொல்லும் கடைக்கே போய்விடாமல், பருவநிலைப் பற்றுச்சீட்டை ஏற்கும் கடையா என்று முதலில் பாருங்கள். எல்லாக் கடையும் ஏற்பதில்லை.